இசைத்தட்டும் எங்கள் ஊர் வில்லும்

இசையை வெறுக்கும் மாணவர் நம் மன்றத்தில் ஒருவரும் இலர். ஆனால் எந்த இசையைக் கேட்கலாம், எங்கிருந்து தொடங்கலாம் என்று வினவினால் விடை கூறத் தயங்குவோரே பலர். ஒரு காலத்தில் இசைத்தட்டு வாங்கப் பணம் வேண்டும். அதனைச் சுழற்றக் கிராமபோன் பெட்டி வேண்டும். பெட்டி உள்ள வீட்டாரின் நட்பும் வேண்டும். இன்றோ உலகத்து இசையில் பெரும்பகுதி நம் கைப்பேசிக்குள் வந்து அமர்ந்துவிட்டது. பஞ்சம் நீங்கிற்று; திகைப்பு வந்து சேர்ந்தது. நூறு வகைப் பண்டம் பரிமாறிய பந்தியில் அமர்ந்து, பழகிய ஒரு கறியை மட்டும் உண்டு எழுகின்றவன் நிலையில் நாம் இருக்கின்றோம்.

மேனாட்டுச் செவ்விசை நமக்குப் புரியாது என்பர் சிலர். ஆபரா என்றால் அலறல் என்பர் வேறு சிலர். கருநாடக இசை கற்றோர்க்கே உரியது என்று ஒதுங்குவாரும் உளர். நாட்டுப்பாட்டு பாமரர்க்கு உரியது என்று புறந்தள்ளுவாரும் உளர். இந்தச் சுவர்கள் எல்லாம் நாமே எழுப்பியவை. இவற்றைக் கடக்க எனக்குத் துணையாக இருந்த எண்ணங்கள் இரண்டு. முதலாவது, நமக்குப் பழகிய ஓர் ஓசையிலிருந்து தொடங்கி, அதன் உறவினரைத் தேடிச் செல்லவேண்டும் என்பது. இரண்டாவது, பதிவு செய்த இசை எதுவாயினும் அதனைத் தாங்கி வந்த கலத்தின் அளவையும் அறியவேண்டும் என்பது. கலத்தின் அளவு தெரிந்தால் பாட்டின் வடிவம் விளங்கும். எந்தப் பாட்டு அக்கலத்துள் அடங்காமல் வெளியே நின்றுவிட்டது என்பதும் விளங்கும்.

எங்கள் ஊர்

என் ஊர் திருப்புறம். நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் அண்மையில் உள்ள சிற்றூர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலத்தில் கோடு விழுந்தது. ஓசையில் கோடு விழவில்லை. எங்கள் பக்கத்தில் பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் கலந்து ஒலிக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன.

இத்தகைய எல்லை ஊரில் பிறந்தவனுக்கு ஒரு நன்மை உண்டு. எந்த ஓசையையும் அயல் ஓசை என்று அவன் எளிதில் தள்ளிவிட மாட்டான். கோயிற் கொடையில் வில்லடிக்கும் ஒலி ஒருபுறம். மாதாகோயிலில் பாடகர் குழு நான்கு குரல்களாகப் பிரிந்து பாடும் ஒலி மற்றொருபுறம். கலியாண வீட்டு ஒலிபெருக்கியில் தமிழ்த் திரைப்பாட்டும் மலையாளத் திரைப்பாட்டும் மாறி மாறி வரும். புரட்டாசியில் நவராத்திரி ஊர்வலம் நெடுஞ்சாலை வழியே செல்லும். இந்த நான்கு ஓசைகளும் நான்கு வாயில்கள். ஒவ்வொன்றின் வழியாகவும் ஓர் உலகத்துக்குப் போகலாம். போகுமுன் கலத்தைப் பற்றிச் சிறிது காண்போம்.

மூன்று நிமிடம்

அமெரிக்கராகிய எடிசன் 1877இல் ஒலியைப் பதித்து மீட்டும் கருவியைச் செய்தார். அது உருளையில் பதியும் கருவி. பத்தாண்டுகளுக்குப் பின் எமிலி பெர்லினர் என்பவர் உருளைக்கு மாறாகத் தட்டையான வட்டில் பதிக்கும் முறையைக் கண்டார். இசைத்தட்டின் பிறப்பு அதுவே. ஒரு மூலத்தட்டிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை அச்சிட முடிந்தமையால் வட்டு வென்றது, உருளை மறைந்தது. அத்தட்டுகள் அரக்கு கலந்த பொருளால் ஆனவை. மரத்தில் வாழும் சிறு பூச்சி தரும் அரக்கு நம் நாட்டிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. உலகத்தார் பாட்டைத் தாங்கிய கலத்திற்கு மண் கொடுத்ததில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு எனலாம்.

அத்தட்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழலும். ஊசி வெளி ஓரத்தில் தொடங்கி, வரிப்பள்ளத்தின் வழியே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வரும். பள்ளங்கள் அகலமானவை, எனவே பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிட அளவே இடம் இருந்தது. பாடுகின்றவர் பெரும்புலவராயினும், பெருந்தேவியின் புகழைப் பாடுபவராயினும், மூன்று நிமிடத்தில் முடித்தாக வேண்டும். தொடக்க காலத்தில் ஒலிவாங்கியும் இல்லை. பெரிய கொம்பு ஒன்றின் வாயில் முகத்தை வைத்து உரத்துப் பாடவேண்டும். அவ்வதிர்ச்சியே நேராக ஊசியை அசைத்து மெழுகைக் கீறும். மின்சார ஒலிவாங்கி இசைப்பதிவுக்குப் பயன்பட்டது 1925 முதல்தான்.

1902ஆம் ஆண்டை இசை அன்பர்கள் மறக்கலாகாது. கிராமபோன் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெட் கைஸ்பர்க் என்பவர் அவ்வாண்டு ஏப்ரலில் இத்தாலி நாட்டு மிலான் நகரில் என்ரிக்கோ கரூசோ என்னும் இளம் பாடகரின் பத்துப் பாட்டுகளைப் பதித்தார். அதே கைஸ்பர்க் நவம்பரில் கல்கத்தாவுக்கு வந்து, ஒரு விடுதியில் கருவியை அமைத்து, கவுஹர் ஜான் அம்மையாரின் பாட்டைப் பதித்தார். ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் கையால், ஆபராவும் இந்துஸ்தானி இசையும் ஒரே அளவுள்ள கலத்துள் புகுந்தன! விடிய விடியப் பாடத் தெரிந்த அம்மையார் மூன்று நிமிடத்துள் ஓர் இராகத்தைக் காட்டி, பாட்டைப் பாடி, இறுதியில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். மெழுகுத்தட்டு செருமனிக்குச் சென்று அங்கே அச்சாகி வரவேண்டும். ஆங்குள்ள தொழிலாளர்க்குப் பாடியவர் யார் என்று தெரியவேண்டும் அன்றோ? அதற்காகவே அப்பெயர். இந்தச் சிறு செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னர்ப் பயன்படும்.

மூன்று நிமிடம் என்னும் அளவு பாடகர்களைக் குறுக்கிற்று என்று மட்டும் சொல்லுதல் பொருந்தாது. சிலரைக் கூர்மைப்படுத்தவும் செய்தது. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டுகளைக் கேளுங்கள். 1906இல் பிறந்து 1933இல், முப்பது வயது நிரம்பாமல் மறைந்த அவர், நாடக மேடையில் ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசைவரை கேட்கப் பாடிய குரலைச் சில நிமிடங்களுக்குள் முழுவதும் கொட்டியிருக்கிறார். அவர் பிறந்தபோது செங்கோட்டையும் எங்கள் ஊரைப்போலத் திருவிதாங்கூரில் இருந்த ஊரே. திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டும் அத்தகையது. கோயில் வீதியில் மணிக்கணக்கில் வாசிக்கும் இராகத்தின் சாற்றை அதில் பிழிந்து தந்திருக்கிறார். திரைப்பாட்டும் உலகத்துப் பாப் பாட்டும் இன்றளவும் மூன்று, நான்கு நிமிடங்களில் முடிவதற்கு அந்தப் பழைய தட்டின் அளவு ஒரு பெருங்காரணம். தட்டு மறைந்தது, அது கற்பித்த பழக்கம் மறையவில்லை.

நெடுந்தட்டு

மூன்று நிமிடத்துள் அடங்காத இசை என்ன செய்தது? துண்டு துண்டாக நறுக்கப்பட்டது. பேதோவன் என்னும் செருமானிய இசைப்புலவரின் ஐந்தாம் சிம்பொனி அரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவது. 1913இல் நிக்கிஷ் என்னும் நடத்துநர் பெர்லின் இசைக்குழுவைக் கொண்டு அதனைப் பதித்தபோது எட்டுப் பக்கங்கள் தேவைப்பட்டன. உணர்ச்சி பொங்கும் இடத்தில் ஊசி நின்றுவிடும். எழுந்து சென்று தட்டை மாற்றவேண்டும்.

1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை வெளியிட்டது. பள்ளங்கள் மெல்லியவை, பொருள் வினைல், சுழற்சி நிமிடத்திற்கு 33⅓. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கேட்கலாம். அடுத்த ஆண்டில் ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுற்றுச் சிறு தட்டை வெளியிட்டது. ஒன்று நீண்ட இசைக்கு இல்லமாயிற்று. மற்றொன்று பாப் பாட்டுக்கு வாகனமாயிற்று. 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒலிநாடாப் பேழை வந்தது. 1982இல் குறுந்தகடு வந்தது. அதற்குப் பின் வந்ததை நாமே அறிவோம்.

நெடுந்தட்டு வாராதிருந்தால் எம். டி. இராமநாதனை நாம் எப்படிக் கேட்டிருப்போம் என்று நான் நினைப்பதுண்டு. பாலக்காட்டுப் பகுதியில் மஞ்சப்பிரா என்னும் ஊரில் 1923இல் பிறந்த அப்பெரியார், மிகத் தாழ்ந்த சுருதியில், யானை நடப்பதுபோல் நிதானமாகப் பாடியவர். மூன்று நிமிடத்தில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலடியைத் தொடவும் நேரம் போதாது! அவரை விரைவாகக் கேட்க முடியாது. இரவில், விளக்கைத் தணித்துவிட்டு, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேட்கவேண்டும்.

நான்கு வாயில்கள்

இனி எங்கள் ஊர் வாயில்களுக்கு வருவோம். முதலாவது நவராத்திரிச் சாலை. பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் களியக்காவிளை எல்லையைக் கடந்து, நெய்யாற்றின்கரையில் தங்கி, திருவனந்தபுரம் செல்வர். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது இரவும் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள் ஒலிக்கும். 1813 முதல் 1846 வரை வாழ்ந்த அம்மன்னர் வடமொழியிலும் மலையாளத்திலும் மட்டுமன்றி இந்துஸ்தானி மொழியிலும் பாட்டியற்றினார். தஞ்சை நால்வரில் ஒருவராகிய வடிவேலு அவர் அவையில் இருந்தவர். அக்கீர்த்தனைகளைச் செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரலில் கேட்கலாம். பின்னர் அவருடைய மாணவரும், திருவனந்தபுரம் வானொலி நிலையத்தில் பணியாற்றியவரும், 2008இல் மறைந்தவருமான எங்கள் நெய்யாற்றின்கரை வாசுதேவனின் குரலில் கேட்கலாம். ஒரே பாட்டு இருவர் தொண்டையில் எப்படி வேறாகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, இராக இலக்கணம் படிக்காதவனுக்கும் செவிப்பயிற்சி ஆகும்.

இன்னொரு பெயரை எங்கள் எல்லை மக்கள் பெருமையுடன் சொல்வார்கள். பாறசாலை பி. பொன்னம்மாள். 1924இல் பிறந்தவர்; திருவனந்தபுரம் இசைக் கல்லூரி தொடங்கிய காலத்தில் அங்குச் சேர்ந்து பயின்ற முதற்பெண். ஆயினும் நவராத்திரி மண்டபத்தில் பாடுவதற்குப் பெண்களுக்கு இடம் இல்லாதிருந்தது. அவ்வழக்கம் 2006இல் மாறியது. அம்மண்டபத்தில் முதன்முதல் பாடிய பெண் அவரே. அப்போது அவர் எண்பது வயதைக் கடந்தவர். 2021இல் மறைந்த அவருடைய முதுமைக் காலப் பதிவுகளைக் கேட்கும்போதெல்லாம், இருபதிலும் முப்பதிலும் அக்குரல் எப்படி இருந்திருக்கும் என்னும் ஏக்கம் எனக்கு எழுகிறது. கலம் இருந்தால் மட்டும் போதாது. கலத்தை யார்முன் நீட்டுகிறோம் என்பதும் ஒரு கேள்வி.

இரண்டாவது வாயில் மாதாகோயில். இலண்டன் மிஷன் காலத்திலிருந்து எங்கள் பகுதித் திருச்சபைகளில் கூட்டுப்பாட்டு வழக்கம் உண்டு. ஒரே நேரத்தில் பெண்குரலில் இரண்டும் ஆண்குரலில் இரண்டுமாக நான்கு வழிகள் ஓடும். அது காதுக்குப் பழகியவர்களுக்கு மேனாட்டுச் செவ்விசை அயல்நாடு அன்று. 1742இல் டப்ளின் நகரில் முதன்முதல் அரங்கேறிய ஹாண்டலின் மெசையா என்னும் படைப்பில் வரும் அல்லேலூயாக் கூட்டுப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். நான்கில் ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு அதன் பின்னே செல்லுங்கள்; அடுத்த முறை வேறொரு குரலைப் பிடியுங்கள். பிறகு பாக் என்னும் மேதையிடம் போகலாம். திரும்பி வரும்போது இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் என்னும் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேளுங்கள். பண்ணைப்புரத்தில் பிறந்த ஒருவர் தம் வீட்டிலேயே பாக்கைச் சந்தித்ததாக ஒரு பகுதிக்குப் பெயரிட்டிருக்கிறார். அப்பெயரின் பொருள் அப்போது விளங்கும்.

மூன்றாவது வாயில் நாடகமேடை. ஆபரா என்பது வேறொன்றுமில்லை; அவர்களுடைய இசை நாடகமே. சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் நாடகத்தையோ பவளக்கொடியையோ பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்க்கு, உயிர் பிரியும் நேரத்திலும் ஒருவன் பாடுவது ஏன் என்று வியப்பு உண்டாகாது. லியோன்கவல்லோவின் பாலியாச்சி என்னும் ஆபராவில் ஒரு கோமாளி வருகிறான். மனைவி தன்னை வஞ்சித்தாள் என்று அறிந்த அதே மாலையில் அவன் முகத்தில் மாவு பூசி மக்களைச் சிரிக்கவைக்க வேண்டும். அந்த இடத்துப் பாட்டைக் கரூசோ 1907இல் பதித்த தட்டு புகழ் மிக்கது. கதையைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். மொழி தெரியாமலே நெஞ்சு நனையும். அடுத்து, மோட்சார்ட் 1791இல் இயற்றிய மாயக் குழல் ஆபராவில் இரவின் அரசி சினந்து பாடும் பாட்டு. மனிதக் குரல் எவ்வளவு உயரம் ஏறும் என்பதற்கு அது சான்று.

நான்காவது வாயில் கலியாண வீட்டு ஒலிபெருக்கி. திரைப்பாட்டில் ஊறிய காதுக்குப் பாப் இசை உடன்பிறப்பு. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள் 1960களில் இந்தியாவில் 78 சுற்றுத் தட்டாகவும் வெளிவந்தன என்பது பலர் அறியாத செய்தி. உலகம் அத்தட்டைக் கைவிட்ட பின்னரும் நம் வீடுகளில் பழைய பெட்டிகளே இருந்தமையால் இங்கு அவ்வாறு அச்சிட்டனர். அக்குழுவின் தொடக்கப் பாட்டுகள் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிபவை. 1967இல் வெளிவந்த சார்ஜென்ட் பெப்பர் நெடுந்தட்டிலோ பாட்டோடு பாட்டு தொடர்ந்து வரும். கலம் மாறினால் கற்பனையும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

வில்

இவ்வளவும் சொன்னபின், நான் முதலில் குறித்த கோயிற் கொடை ஓசைக்கு வருகிறேன். அதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வில்லுப்பாட்டை அறியாத தமிழர் இலர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அதனை மேடைக்கும் திரைக்கும் கொண்டுவந்தார். அவர் வழியில் வந்த சுப்பு ஆறுமுகம் 2022இல் மறையும்வரை நகரங்களில் பரப்பினார். ஆனால் நாம் வானொலியில் கேட்ட வில்லுப்பாட்டு அரை மணிக்கும் ஒரு மணிக்கும் அளந்து வெட்டிய பாட்டு. நாஞ்சில் நாட்டிலும் எங்கள் எல்லைப் பக்கத்திலும் அது பிறந்த இடம் கோயிற் கொடை. மணிகள் கட்டிய நீண்ட வில்லைக் குடத்தின்மீது சாய்த்து, அண்ணாவி வீசுகோலால் நாணை அடித்துக் கதையைத் தொடங்குவார். ஒருவர் பத்தி என்னும் தட்டையான மட்டையால் குடத்தின் வாயைத் தட்டுவார். உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை சேரும். வலப்புறம் அமர்ந்தோரும் இடப்புறம் அமர்ந்தோரும் அடியை வாங்கிப் பாடுவர். காப்பு, குருவணக்கம், அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழி என்று அது இரவு முழுதும் நடக்கும்.

அதன் நீளத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை. இதுதான் நாம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி. மாடன் கதையிலோ இசக்கி கதையிலோ உச்சக் கட்டம் வரும்போது சாமியாடி எழவேண்டும். எழவில்லையாயின் அண்ணாவி அவ்விடத்தையே மேலும் இழுத்து, தாளத்தை முடுக்கி, திரும்பவும் பாடுவார். எழுந்துவிட்டால் பாட்டு அடங்கி, வழிபாட்டுக்கு வழிவிடும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நாஞ்சில் நாட்டில் தங்கி ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூலில், பாட்டும் சாமியாட்டமும் ஒன்றையொன்று எவ்வாறு நடத்துகின்றன என்பதை விரிவாக விளக்கியிருக்கிறார். இத்தகைய கலையை எந்தத் தட்டில் அடக்குவது? மூன்று நிமிடத்திலும் அடங்காது. இருபது நிமிடத்திலும் அடங்காது. குறுந்தகட்டின் 74 நிமிடத்திலும் அடங்காது.

எங்கள் பக்கத்துக்கு மற்றொரு குறையும் உண்டு. கணியாகுளத்துப் போரில் மடிந்த வேணாட்டு வீரனைப் பாடும் இரவிக்குட்டிப்பிள்ளைப் போர் முதலிய கதைகள் தமிழும் மலையாளமும் பின்னிய மொழியில் உள்ளவை. மலையாள இலக்கிய வரலாற்றில் அவை தெற்கன் பாட்டுகள் என்று குறிக்கப்பெறும். தமிழார்வலர்க்கு அதில் மலையாளம் மிகுதி; மலையாள ஆர்வலர்க்கு அதில் தமிழ் மிகுதி. இருவீட்டுப் பிள்ளை இருவீட்டிலும் பசியோடு நிற்பதுபோல் அப்பாட்டு நிற்கிறது. நா. வானமாமலை, அ. கா. பெருமாள் போன்ற அறிஞர்கள் கதைப்பாடல்களையும் தென்பகுதிக் கலைகளையும் அச்சில் ஏற்றிப் பேருதவி புரிந்துள்ளனர். ஆனால் ஏட்டில் சொல் இருக்கும், இசை இராது. அண்ணாவி எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்தினார், எங்கே குடம் ஓய்ந்தது, எங்கே குலவை எழுந்தது என்பதை அச்சு சொல்லாது. இன்று எங்கள் பக்கத்துக் கொடைகள் சிலவற்றில் வில்லுக்குப் பதிலாக ஒலிபெருக்கிப் பாட்டே ஒலிக்கக் காண்கிறேன். பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் மறையும்போது, ஓர் இரவின் பாட்டும் உடன் மறைகிறது.

பிற நாட்டார் இதனை எப்படி எதிர்கொண்டனர்? அங்கேரிய இசைப்புலவர்களாகிய பேலா பார்டோக்கும் கோடாயும் 1906 முதல் மெழுகு உருளைக் கருவியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று உழவர் பாட்டைப் பதித்தனர். அப்பாட்டுகள் பார்டோக்கின் சொந்த இசையையே மாற்றின. அமெரிக்காவில் ஜான் லோமாக்சும் அவர் மகன் ஆலனும் 1933இல் லூசியானா மாநிலத்துச் சிறை ஒன்றில் லெட் பெல்லி என்னும் கறுப்பினப் பாடகரைக் கண்டு பதித்தனர். அவர் 1949இல் மறைந்தார். மறு ஆண்டிலேயே அவர் பாடிவந்த ஐரீன் என்னும் பெண்ணைப் பற்றிய பாட்டு, வேறொரு குழுவினரின் குரலில் நாடெங்கும் ஒலித்தது. அதனை முன்னர்ப் பாடியவர் யார் என்பது மறையாமல் நின்றதற்கு அவர் குரலில் பதிவு இருந்தமை ஒரு காரணம். நம் தென்னாட்டிலும் டச்சு நாட்டு அறிஞர் ஆர்னால்டு பாக்கே 1938இல் தமிழகத்திலும் கேரளத்திலும் நாட்டு இசையைப் பதித்துச் சென்றார். 1984இல் வேறு அறிஞர்கள் அதே ஊர்களுக்குச் சென்று, எவை எஞ்சின, எவை மாறின என்று ஒப்பிட்டனர். ஒப்பிட முடிந்தது, முதற்பதிவு ஒன்று இருந்தமையால்தான்.

1977இல் அமெரிக்கா விண்ணில் ஏவிய வாயேஜர் கலங்கள் இரண்டும் பொன் முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்றைச் சுமந்து செல்கின்றன. அதில் 27 இசைகள். பாக்கும் பேதோவனும் உண்டு. இரவின் அரசியின் பாட்டு உண்டு. சக் பெரியின் ராக் அண்டு ரோல் உண்டு. சார்சியா நாட்டுக் கூட்டுப்பாட்டும் பெரு நாட்டுப் பெண்ணின் பாட்டும் உண்டு. நம் நாட்டின் சார்பில், அதே ஆண்டில் மறைந்த கேசர்பாய் கேர்கரின் பைரவி உண்டு. ஒன்றரை மணி நேர இசையை அடக்குவதற்காக அத்தட்டை வழக்கத்தில் பாதி வேகத்தில் சுழலுமாறு அமைத்தனர். எதிலிருந்து தொடங்குவது என்று இன்னும் தயங்கும் நண்பர்களுக்கு அத்தட்டே நல்ல தொடக்கம். செவ்விசை, ஆபரா, பாப், நாட்டுப்பாட்டு ஆகிய நான்கும் அதில் ஒரே பாயில் அமர்ந்திருக்கின்றன. விண்வெளிக்கு அனுப்பும்போது தாழ்வு உயர்வு பார்க்கவில்லை; வீட்டில் கேட்கும்போது நாம் ஏன் பார்க்கவேண்டும்?

செய்யத்தக்கது

வரலாற்றில் இன்றுதான் கலத்துக்கு எல்லை இல்லாமற் போயிற்று. மாலையில் தொடங்கி விடியும்வரை நடக்கும் கொடையை இடையறாமல் பதிக்கும் கருவி நம் சட்டைப்பையில் இருக்கிறது. கைஸ்பர்க்குக்கும் பார்டோக்குக்கும் கிட்டாத வசதி இது. அதனை நாம் எப்படிப் பயன்படுத்துகின்றோம்? ஒரு நிமிடத் துண்டு எடுத்து நண்பர்க்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுகின்றோம். மூன்று நிமிடக் கலத்தை உடைத்து வந்தவர்கள் ஒரு நிமிடக் கலத்துக்குள் தாமே புகுந்துகொள்வது முறையாகுமா?

விடுமுறையில் ஊர் செல்லும் மன்றத்து நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் ஊரில் வில்லோ, ஒப்பாரியோ, நடவுப்பாட்டோ, கீர்த்தனையோ பாடத் தெரிந்த பெரியவர் இருந்தால் அவரிடம் சென்று அமருங்கள். முதலில் கேளுங்கள், பின்னர்ப் பதிவு செய்ய இசைவு கேளுங்கள். கோயிலில் பாடுவதாயின் கோயிலாரின் இசைவும் வேண்டும். வெளியில் பரப்பலாகாது என்று அவர் சொன்னால் பரப்பாதீர்கள். கருவியைக் குடத்துக்கு மிக அருகில் வைத்தால் குரல் அமுங்கும். அண்ணாவிக்கு எதிரே சற்றுத் தள்ளி வையுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். பேச்சும் இருமலும் குழந்தையின் அழுகையும் வந்தால் வரட்டும். அவையும் அந்த இரவின் பகுதியே.

முடிவில், கவுஹர் ஜான் அம்மையார் செய்ததைச் செய்யுங்கள். பாடியவர் தம் பெயரைத் தம் குரலாலேயே சொல்லட்டும். ஊர், நாள், கதையின் பெயர், உடன் பாடியோர், அவர் யாரிடம் கற்றார் என்பவையும் பதிவாகட்டும். பெயரில்லாத பதிவு சில ஆண்டுகளில் ஊரற்ற ஓசையாகிவிடும். பிறகு ஒரு படியைப் பாடியவர் குடும்பத்துக்குக் கொடுங்கள். ஒரு படியைப் பல்கலைக் கழகத் தமிழ்த்துறையில் ஒப்படையுங்கள். ஒரு படியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் நிற்கும்.

கரூசோவைக் கேளுங்கள், பாக்கைக் கேளுங்கள், பீட்டில்ஸைக் கேளுங்கள், பொன்னம்மாளைக் கேளுங்கள். உலகத்தார் தத்தம் பாட்டைக் காத்துத் தந்தமையால் அவை நம் காதுக்கு எட்டின. நம் ஊர்ப் பாட்டு அவர்கள் காதுக்கு எட்டவேண்டுமாயின் காத்துத் தரவேண்டியவர் நாமே. வரும் சித்திரை விடுமுறைக்குப் பின் மன்றம் கூடும்போது, ஆளுக்கு ஒரு பதிவு கொண்டுவருவோம். எல்லோரும் அமர்ந்து, முழுதும் கேட்போம்.